மொட்டைக்கு மூணு வேளை

சிஸ்டரம்மாவுக்கு உலகத்தில் வராத ஒரே வேலை சும்மா இருப்பது. நர்ஸாக ஆஸ்பத்திரி வார்டில் நின்றே காலம் தள்ளியவள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு மகள் வீட்டில் வந்து இறங்கினாள். "கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன், சரிப்பட்டா இருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். சரிப்படாது என்பது அன்று சாயங்காலமே தெரிந்துபோயிற்று.

காரணம் மாப்பிள்ளை. கெட்டவரா என்றால் அதுதான் இல்லை, தங்கமான மனுஷன். லிஃப்ட் மெக்கானிக். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார், அந்த இரண்டும் "நான் பாத்துக்கறேன்" என்பதுதான். இவள் துடைப்பத்தை எடுத்தால், "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்." டம்ளரைக் கழுவப் போனால், நான் பாத்துக்கறேன். பொத்தான் பிய்ந்த சட்டையைக் கொடுங்கள் என்று கை நீட்டினால் ஊசியும் நூலுமாக அவரே உட்கார்ந்துவிடுவார். இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். சிஸ்டரம்மாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, உன் வீட்டுக்காரருக்கு ஒரு சளி, இருமல்கூட வராதா?" என்று மகளிடம் கேட்டே விட்டாள்.

"வந்தாலும் உங்கிட்ட சொல்ல மாட்டாரும்மா. பயம்."

வீட்டில் மிச்சமிருந்தது கூடத்து ஜன்னல். நல்ல வெயில் விழும் அந்தப் பலகையில் மாப்பிள்ளையின் கள்ளிச் செடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சதைப்பற்றான இலையோடு இருப்பது குண்டு. கம்பம் மாதிரி போவது நெட்டை. உடம்பெல்லாம் முள்ளாக, பந்துபோல இருப்பதன் பெயர் மொட்டை. யார் வைத்தாரோ அந்தப் பெயரை, நல்ல கண். மொட்டைதான் செல்லம். தினமும் வேலைக்குப் போகுமுன் அதன் எதிரில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை செருப்பையே மாட்டுவார்.

அப்போதுதான் வெளியூரில் ஏதோ ஒரு புது அடுக்குமாடிக்கு லிஃப்ட் மாட்டப் போக வேண்டி வந்தது. திரும்பி வரச் சில வாரம் ஆகும். பையைத் தோளில் போட்டுக்கொண்டே, "அத்தை, ஜன்னல் பக்கம் ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் வந்து பாத்துக்கறேன்" என்றார்.

இங்கேயும் நமக்கு வேலை இல்லையா என்று அவளுக்கு முகம் விழுந்துபோயிற்று.

மறுநாள் காலை அவள் கால்கள் தாமாகவே ரவுண்ட்ஸ் கிளம்பின. குண்டு சரி. நெட்டை சரி. மொட்டையின் பக்கவாட்டில் லேசான சுருக்கம். சுருக்கம் என்றால் என்ன? உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிறது என்று அர்த்தம். முதல் வருஷ நர்சிங் பெண்ணுக்குக்கூடத் தெரியும். பெட்டியிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சை எடுத்தாள். குடம் குடமாக ஊற்ற அவள் என்ன விவரம் கெட்டவளா? காலை, மதியம், மாலை, மூணு வேளையும் அளவாகக் கொடுத்தாள். பலகை நனையக் கூடாதென்று சட்டிக்கு அடியில் ஒரு தட்டும் வைத்தாள். வடிந்த தண்ணீர் அதிலேயே நின்றது, மொட்டை அதிலேயே உட்கார்ந்திருந்தது.

சுருக்கம் குறையவில்லை. டோஸைக் கூட்டினாள். சுருக்கமும் கூடியது.

"மொட்டை எப்படி இருக்கான்?" என்று மாப்பிள்ளை போனில் கேட்டார்.

"அவனுக்கென்ன, நல்லா இருக்கான்" என்றாள். சொல்லும்போதே மொட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டுப் பேனா முனையால் அதன் அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. எழும்பவில்லை. கால் வீங்கிய எத்தனை பேருக்கு இப்படி அழுத்திப் பார்த்திருக்கிறாள்! இது தாகம் இல்லை, நீர் கோத்துக்கொண்டது. அடி அழுகி, வேர் செத்து, குடிக்க முடியாமல்தான் மேலே சுருங்கியிருக்கிறது. எந்த நோயாளிக்கும் செய்யாத பிழையை மாப்பிள்ளையின் செல்லத்துக்குப் போய்ச் செய்து வைத்திருக்கிறாள். இனி அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த வீட்டில் இனி என்ன இருக்கிறது நமக்கு?

அழுகை வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்கு மேலே வெட்டினாள். பழுப்பு தெரிந்தது. மறுபடி துடைத்து, மறுபடி வெட்டினாள். பச்சைச் சதை சுத்தமாகத் தெரியும்வரை வெட்டிவிட்டு, மிஞ்சிய தலையைப் பேப்பர்மேல் நிழலில் வைத்தாள். அடுத்து தன் பெட்டியைக் கட்டினாள்.

மாப்பிள்ளை வந்தபோது மொட்டை மேஜைமேல் இருந்தது, பெட்டி கதவோரம் இருந்தது. சிரிஞ்சு, தட்டு, போனில் சொன்ன பொய் எதையும் விடாமல் சொன்னாள். அவர் மொட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"வெட்டு ரொம்ப நேரா இருக்கு அத்தை."

மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, இதுக்கு முன்னாடி இருந்த மொட்டைங்க எல்லாம் எங்க போச்சுன்னு கேளு. எல்லாத்தையும் குளிப்பாட்டியே வழியனுப்பினவரு இவரு."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. இல்லையென்று சொல்லவில்லை.

"இனிமே இவனுக்கு என்ன செய்யணும்?" என்று சிஸ்டரம்மா கேட்டாள்.

"ஒண்ணும் செய்யக் கூடாது. வெட்டின இடம் காயணும். சும்மா விட்டாப் பொழைச்சுக்குவான்."

அவள் மொட்டையைப் பார்த்தாள், கதவோரப் பெட்டியைப் பார்த்தாள். "அவன் பொழைப்பான். என்னைச் சும்மா விட்டா நான் பொழைக்க மாட்டேன் மாப்பிள்ளை. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க, குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்த வீட்ல நான் இல்லாம எதுவும் நிக்கல."

மகளின் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளைக்கு அந்த வழக்கமான இரண்டு வார்த்தை வரவில்லை.

"வேர் விடற வரைக்குமாவது இரும்மா" என்று மகள்தான் கெஞ்சினாள். பெட்டி கட்டிலடிக்குப் போனது, அவிழ்க்கப்படாமலே.

வெட்டு காய்ந்து தழும்பானது. பிறகு வெள்ளையாய் நூல் நூலாக வேர் எட்டிப் பார்த்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியாகத் தேடி எடுத்து, கரகரப்பான மணலும் கல்லும் கலந்து நிரப்பினார். சிஸ்டரம்மா அறைக்குள் இருந்தாள். வேர் விட்டாயிற்று, நாளைக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அறை வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். வலது உள்ளங்கை நிறைய முள்.

"ஐயையோ, இது என்ன? எப்பவும் மொட்டையைச் சுத்திப் பேப்பரை மடிச்சுத்தானே பிடிப்பீங்க?"

"மறந்துட்டேன் அத்தை."

அவர் தோளுக்குப் பின்னால், மேஜைமேல், மடித்த பேப்பர் கசங்காமல் கிடந்தது. அவளும் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். இத்தனை வருஷமாக ஒரு முள்கூடப் படாத கை அது.

"வலிக்குது" என்றார். கொஞ்சம் தயங்கி, "நீங்க பாத்துக்கறீங்களா?" என்றார்.

முள் எடுக்கும் இடுக்கி பெட்டியின் அடியில் இருந்தது. எடுப்பதற்குள் துணிமணி அத்தனையையும் கட்டில்மேல் அள்ளிப் போட வேண்டியதாயிற்று. திரும்ப அடுக்க அவளுக்கு நேரமில்லை.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்று கண்ணாடியை மாட்டினாள். "கையை ஆட்டாம வெச்சிக்கிட்டு சும்மா இருங்க. நான் பாத்துக்கறேன்."