இரை போட்டவன் பங்கு

தூண்டில் சங்கத்தில் சேர்ந்தால் கெண்டை பிடிக்கிறவனுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்று கேட்கிறவர்கள், லிந்துலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், சோலைமலையை வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். மேல்வரிசையில் மூன்று பல் இருக்காது. சங்கத்தில் சேர்வதற்கு முன்னால் மூன்றும் இருந்தன.

பாழாய்ப்போன அந்தக் குளத்தை உண்டாக்கியது வெள்ளைக்காரத் துரை. கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஓடையை மறித்து அணை கட்டினார். சும்மா கிடக்கிற தண்ணீர்தானே என்று கெண்டைக் குஞ்சுகளையும் கொண்டுவந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலியாட்கள் தூண்டில் போட்டால் கண்டும் காணாத மாதிரிப் போய்விடுவார். 1961இல் அவர் கப்பலேறினார். அடுத்த மாதமே, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு சண்முகராஜாவும் கிளாக்கர்மாரும் டவுன் கடைக்காரர்கள் சிலரும் கூடி ஒரு தூண்டில் சங்கம் ஆரம்பித்து, குளத்தைச் சங்கத்தின் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேலி வந்தது, பலகை வந்தது, கையில் கம்போடு இரண்டு வாச்சர்கள் வந்தார்கள்.

பலகையைச் சோலைமலையும் எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்துவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து தூண்டிலைப் போட்டான். இருபது வருஷமாக உட்கார்ந்த கரையிலிருந்து ஒரு பலகையைப் பார்த்து எழுந்து போக அவனுக்கென்ன பைத்தியமா?

முதல் அடி காதில் விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவது அதே காதில். கீழே தள்ளி, அவனுடைய மூங்கில் தூண்டிலையே பிடுங்கி, அது முறிகிற வரைக்கும் அவன் முதுகில் அடித்தார்கள். எதிர்மலையில் அன்றைய கூலியை அன்றே தருகிற ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். அதில் அவன் பெண்சாதி நாகலெட்சுமியும் ஒருத்தி. கூடையோடு அவள் ஓடி வந்து சேர்வதற்குள் வாச்சர்கள் போய்விட்டார்கள். இடது காது அன்றோடு சரி. அதில் புகுந்த இரைச்சல் பிறகு வெளியேறவேயில்லை.

காது போனதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. பெண்டாட்டி பார்க்கச் சேற்றில் புரண்டோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. இனி அந்தக் கரையில் ஒரு பயல் தன்மேல் கை வைக்கக்கூடாது. அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சங்கத்தாருக்கோ மீன் சிக்கவில்லை. கோட்டு என்ன, தொப்பி என்ன, சக்கரம் வைத்த தூண்டில் என்ன! ஆறு மாதத்தில் பதினொரு மெம்பரும் பிடித்தது ஒரு தவளையும் தங்கள் கால்சட்டையும்தான். இந்த லட்சணத்தில், ராகலைப் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் போட்டிக்கு வேறு கூப்பிட்டுவிட்டார்கள். ஒருநாள் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற காலைப் பெரட்டு கலைந்ததும் கண்டாக்கு அவனைத் தனியே கூப்பிட்டார்.

"டேய் சோலமல, நம்ம சங்கத்துல சேர்றியா?"

"நானுங்களா?" அவன் நல்ல காதைத் திருப்பிக்கொண்டான். "என்னையத்தானே ஐயா அடிச்சாங்க?"

"மெம்பர் இல்லாம போட்டே, அடிச்சாங்க. மெம்பர் மேல எவனும் கை வைக்க முடியாதுடா. ஏழாவது சட்டம் அது. நானே எழுதுனது." கண்டாக்கு சட்டைப்பையிலிருந்து மீன் படம் போட்ட பித்தளை வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதச் சட்டையில குத்திக்க. வாச்சர் ஒனக்குச் சலாம் போடணும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சோலைமலை யோசித்திருப்பான். அந்த ஏழாவது சட்டத்தில் விழுந்துவிட்டான்.

"ஐயா, எங்க மச்சான் வீரய்யாவையும் சேர்த்துக்கணும்ங்க" என்றான்.

வீட்டில் நாகலெட்சுமி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? காதைப் பிச்சவங்களோட போய்ச் சேர்றேங்கிறீங்க. போதாததுக்கு என் தம்பியையும் இழுத்துவிடுறீங்க."

"அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு புள்ள."

"சட்டம் எழுதுனது யாரு? அவருதானே?"

ஆனாலும் சேர்ந்தான், வீரய்யாவையும் சேர்த்துவிட்டான். பிரஜாவுரிமை இல்லையென்று நாட்டில் சேர்க்காதவனைச் சங்கத்திலாவது சேர்த்தார்களே என்று லயத்தில் கேலி பேசினார்கள். வில்லையைக் குத்திக்கொண்டு முதல் நாள் போனபோது, அடித்த அதே வாச்சர் படலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அன்று ராத்திரி சோலைமலை அதைத் துணியால் தேய்த்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். பாவி, அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு!

கெண்டை பிடிப்பது தூண்டிலில் இல்லை, இரையில் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நாள் தவறாமல் இரை போட வேண்டும். அவித்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த பாண் ரொட்டி, கொஞ்சம் சோளம். ஒரு வாரம் போனால் கெண்டைக்கு அந்த இடம் சாப்பாட்டுக் கடையாகிவிடும். அப்புறம் தூண்டிலைப் போட்டால் போதும்.

இதில் லயத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் இரை போட்ட இடத்தில் இன்னொருவன் மீன் பிடித்துவிட்டால், மீனைக் கரையிலேயே இரண்டாக வெட்டி, தலைப் பாதியை இரை போட்டவனிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் பேச்சு மாறிவிடும் என்று, மீன் துடிப்பு அடங்குவதற்குள்ளேயே வெட்டிவிடுவார்கள். போன வருஷம் வீரய்யா அப்படித்தான் சோலைமலையின் இடத்தில் ஒன்றைப் பிடித்து, கேட்காமலேயே தலைப் பாதியை நீட்டினான். யாரும் எழுதி வைத்ததில்லை. அந்த ஒரு வழக்கத்தால் அந்தக் கரையில் ஒருநாளும் கைகலப்பு வந்ததில்லை.

போட்டிக்கு முன்னால் ஒன்பது நாள், வேலைவிட்டு வந்ததும், சோலைமலை அணையின் கருங்கல் மூலையில் இரை போட்டான். தன் சாப்பாட்டிலிருந்து எடுத்துப் போட்டான் என்றாலும் பொய்யில்லை. எட்டாம் நாள் தண்ணீருக்கடியில் ஒரு முதுகு உருண்டதைப் பார்த்தான். அவன் தொடையைவிடத் தடிமன். வீட்டுக்கு ஓடிவந்து நாகலெட்சுமியிடம் கையை அகல விரித்துக் காட்டினான்.

ஞாயிறு காலையில் ராகலைக்காரர்கள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கருங்கல் மூலை கண்டாக்குக்கு விழுந்தது. அது எப்படி விழுந்தது என்பது சீட்டுக் குலுக்கிய கிளாக்கருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். சோலைமலைக்குக் கிடைத்தது புல் மண்டிய கீழ்க்கரை. அவன் அதற்காக முகம் சுளிக்கவில்லை. 'ஐயா பிடிக்கட்டும், தலைப் பாதி நமக்கு வந்துவிடும்' என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் அவன் இருபது வருஷமாகப் பழகியிருந்தான்.

பத்து மணிவாக்கில் கருங்கல் மூலையில் சத்தம் எழும்பியது. கண்டாக்கின் தூண்டில் வில்லாக வளைந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து வலையில் அள்ளி மேலே போட்டார்கள். அப்பாடா, என்ன மீன்! வாலால் அடித்த அடியில் ஒரு கடைக்காரரின் தொப்பி பறந்தது. கண்டாக்கு ஒரு கல்லை எடுத்து அதன் மண்டையில் நாலு போடு போட்டார். ரத்தம் அவர் வெள்ளைக் கால்சட்டையில் தெறித்தது. அதைத் துடைக்காமல் அப்படியே நின்று எல்லோரிடமும் கை கொடுத்தார். தராசை எடுக்க ஆள் ஓடினான்.

சோலைமலை கீழ்க்கரையிலிருந்து வந்து பார்த்தான். மீன் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஐயா வெட்டவில்லை. நேரம் போகிறது, இன்னும் வெட்டவில்லை. ஐயாவிடம் கத்தி இல்லையாக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் இடுப்பில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தது. குந்தி உட்கார்ந்தான். ஒரே வீச்சு.

மீன் இரண்டாகிவிட்டது. தராசு வந்து சேர்ந்தபோது தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகக் கிடந்தது.

முதலில் சிரித்தது ஒரு ராகலைக்காரர். "வெட்டுன மீனை நிறுக்க முடியாதே மிஸ்டர் சண்முகராஜா!" என்றார்.

கண்டாக்கின் முகம் செத்த முகமாகிவிட்டது. "என்னடா பண்ணுன?"

"தலைப் பாதிங்க ஐயா" என்றான் சோலைமலை. அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஒம்பது நாளு இரை போட்டேன்ல. இரை போட்டவன் பங்குங்க. வெட்டிக் குடுக்கிறதுதானே வழக்கம்?"

"எவன் வழக்கம்?"

"எங்க ஆளுங்க வழக்கம்ங்க. வீரய்யாவைக் கேளுங்க."

எல்லோரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். வலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கண்டாக்கைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"அப்பிடி ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்றான்.

கரையிலேயே கூட்டம் கூட்டினார்கள். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு! காரியதரிசி சண்முகராஜா தீர்மானத்தை வாய்விட்டுச் சொன்னார்: சோலைமலையைச் சங்கத்திலிருந்து நீக்குவது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்க வேண்டும். பழைய மெம்பர்கள் பதினொரு பேரும் தூக்கினார்கள். பன்னிரண்டாவதாக, காது வரைக்கும்கூட எட்டாமல் ஒரு கை மேலே போனது. அது வீரய்யாவின் கை. கிளாக்கர் புத்தகத்தில் எழுதினார். கண்டாக்கு பக்கத்தில் வந்து, சோலைமலையின் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மெம்பரை அடிக்கக்கூடாது அல்லவா? அதனால்தான் முதலில் அதைக் கழற்றினார்கள்.

"ஒன் ஆளுதானே, நீ ஆரம்பி" என்று வீரய்யாவிடம் சொன்னார் கண்டாக்கு. வலைக் கம்பு தோளில் இறங்கியது. பலமான அடியில்லை. ஆனால் சோலைமலை அதில்தான் விழுந்தான். அப்புறம் பூட்ஸ் கால்கள். ஒருவர் தராசுக் கம்பியால் வலது கையில் போட்டார், விரல் முறிகிற சத்தம் கேட்டது. கண்டாக்கு முகத்தில் மிதித்தார். மறுபடியும் மிதித்தார். பல்லும் ரத்தமும் மீன் செதிலும் ஒரே சேற்றில் கிடந்தன. அவன் கத்தவில்லை. "நான் மெம்பருங்க, நான் மெம்பருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். "மழை வரும் போலிருக்கு" என்று ராகலைக்காரர்கள் காரில் ஏறிக்கொண்டார்கள்.

நாகலெட்சுமி ஆள் கூட்டி வந்து தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வீரய்யா வந்தான். வாச்சர்களுக்குத் துணையாகக் குளத்தைக் காக்கிற சங்கத்து முறை அன்று அவனுக்கு. அங்கிருந்து நேரே வந்திருந்தான், சட்டையில் வில்லை இருந்தது. கையில் இலைப் பொட்டலம். லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் அதை வைத்துப் பிரித்தான். உப்புப் போட்டு வைத்த மீனின் தலைப் பாதி.

"மச்சான், ஒங்க பங்கு."

"எது பங்கு?" பல் போன வாயில் சொல் காற்றாக வந்தது.

"இரை போட்டவன் பங்கு மச்சான்."

"அப்பிடி ஒண்ணும் இல்லைன்னியே?"

வீரய்யா அழ ஆரம்பித்தான். "வேலையிலருந்து பேர் வெட்டிருவாரு மச்சான். எனக்கு மூணு புள்ளைங்க. நான் என்ன செய்வேன்?"

"அங்க சொல்லியிருக்கணும்டா இதை. அந்தக் கரையில சொல்லியிருக்கணும்." சோலைமலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கை சும்மா இருந்தது. "அந்த வில்லையக் கழட்டு."

"என்ன மச்சான்?"

"மெம்பர் மேல கை வைக்கக் கூடாது. கழட்டு."

வீரய்யாவுக்குப் புரிந்துவிட்டது. ஊசியைத் தேடிக் கழற்றி, மீன் தலைக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு கையிரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

சோலைமலை இருந்த பலத்தையெல்லாம் கூட்டி முகத்தில் குத்தினான். வீரய்யா படியிலிருந்து மல்லாந்து விழுந்தான். எழுந்து வந்து அதே இடத்தில் நின்றான். இரண்டாவது குத்தில் உதடு கிழிந்தது. மறுபடியும் வந்து நின்றான். மூன்றாவதுக்குச் சோலைமலையின் கை எழும்பவில்லை.

நாகலெட்சுமி வெளியே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் மீன் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீரய்யா வாயைப் புறங்கையால் துடைத்தான். கொஞ்ச நேரம் வில்லையைப் பார்த்தான். குனிந்து எடுத்தான். எடுத்தவன், திரும்பவும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் படியிறங்கினான்.

லயத்து முனை திரும்புகிற வரைக்கும் சோலைமலை பார்த்துக்கொண்டே நின்றான். இனி அவனை அடிக்க முடியாது.