மங்களம் அக்காவின் மோட்டார்

செபாஸ்டியன் வீட்டு ஆம்ப்ளிபையரில் வானொலி சுத்தமாகக் கேட்டது. கேசட்டும் சுத்தம். இசைத்தட்டு போட்டால் மட்டும் பாட்டுக்கு அடியில் 'உம்' என்று ஓர் இரைச்சல். அதுவும் மாலை ஆறரைக்கு மேல்தான், பகலில் இல்லை.

அதை வாங்கிப் பொருத்திக் கொடுத்தவன் நான். அதனால் புந்தோங்கில் அந்த வரிசை வீட்டுக்கு நான்தான் போனேன். செபாஸ்டியனின் மனைவி ஹில்டாவும் நானும் மின்விசிறி, குழல்விளக்கு, ஐஸ்பெட்டி என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். இரைச்சல் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுதான்! அந்த மோட்டார் சுத்தும்போது உள்ள தீப்பொறி பறக்கும். கரண்டு கம்பி வழியா இங்க வருது" என்றேன்.

அப்படி வருவது உண்மைதான். ஆனால் அது 'கரகர' என்று வரும், 'உம்' என்று வராது. அது எனக்குத் தெரியும். பதில் இல்லாமல் வீடு திரும்ப மனமில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மங்களம் அக்காவுக்குப் பகலில் பிஸ்கட் கம்பெனியில் வேலை. தைப்பதற்கு மாலை மட்டுமே உண்டு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மாலையில் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று செபாஸ்டியன் பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். அக்கா தைக்க வாங்கி வைத்திருந்த ஏழு வீட்டுத் துணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் மாலையில் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹில்டா இசைத்தட்டை ஓடவிட்டாள். உம்.

"அக்கா மெஷினத் தொட்டு நாலு நாளாச்சு, கஸ்பார் அண்ணே. இப்ப யாரு தைக்கிறா, பேயா?"

எனக்கு முகம் சுட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ஒலிக்குமிழைத் திருகினேன். இரைச்சல் கூடவே ஏறியது, இறங்கியது. அப்படியென்றால் அது குமிழுக்கு முன்னாலேயே நுழைகிறது. வானொலியில் இல்லை, ஆகவே இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து வரும் கம்பியில் நுழைகிறது. இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி தருவது மிக மெல்லிய மின்சாரம். ஆம்ப்ளிபையர் அதைப் பல நூறு மடங்கு பெருக்கும். வழியில் கம்பி எதைப் பிடித்தாலும் அதுவும் சேர்ந்து பெருகும்.

கம்பியைக் கையால் மேலே தூக்கினேன், இரைச்சல் வீங்கியது. தாழ்த்தினேன், மெலிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே திருஇருதயப் படம், அதன் முன்னால் சிவப்பு விளக்கு. படத்துக்குப் பின்னால், விளக்குக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்க, போன கிறிஸ்துமஸுக்கு நானே செய்து வைத்த சின்ன டிரான்ஸ்பார்மர். அது சுற்றிலும் பரப்பும் காந்தம்தான் கம்பியில் 'உம்' என்று ஏறியிருக்கிறது. ஆறரை மணி ஜெபத்துக்கு ஏற்றுவார்கள், படுக்கும்வரை எரியும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த எங்களுக்கு ஆண்டவர் விளக்கை அணைக்கத் தோன்றவே இல்லை. அதுவும் கரண்டில்தான் எரிகிறது என்பதே மறந்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு மட்டும் கேட்டது.

"ஐயோ, ஆண்டவர அணைச்சிட்டீங்களே!"

"அவர் மேல தப்பு இல்ல லா. நான் வச்ச சாமான்தான்."

உடனே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க மோட்டார்ல ஒண்ணும் இல்ல. தப்பு என் வேலையில. காரணம் தெரியாமலே உங்க மேல பழி போட்டுட்டேன்."

அவர் நிமிரவில்லை. "ஏழு வீட்டுலயும் என் மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டு வந்தேன், தம்பி. இப்ப நீங்க போயி சொல்லுங்க. துணியயும் வாங்கிட்டு வாங்க."

போனேன். ஒவ்வொரு வாசலிலும் என் பிழை என்று சொன்னேன். ஐந்து வீட்டுத் துணி திரும்பி வந்தது. இரண்டு வீட்டார் வேறு தையல்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இரண்டைப் பற்றி அக்கா கேட்கவில்லை, கை விட்டுப் போனதை நானாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மாலை டிரான்ஸ்பார்மரைப் படத்தின் பின்னாலிருந்து கழற்றி, எதிர்ச்சுவரில் ஆறடி தள்ளி மாட்டினேன். அங்கிருந்து விளக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுத்தேன். இசைத்தட்டுக் கம்பியைத் தரையோரமாகக் கொண்டுபோனேன். விளக்கு எரிந்தது, அக்காவின் மெஷின் ஓடியது, இரைச்சல் இல்லை.