ஆடாத கயாக்

...ஆடாத கயாக்காகக் காட்டுங்கள் என்றுதானே கேட்டேன், அதற்கு இந்தக் கடைக்காரர் எதற்கு இப்படிச் சிரிக்கிறார், கடலில் கவிழ்ந்து பிழைத்து வந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவள் வேறு என்ன கேட்பாள், என்ன நிறம் என்றா கேட்பாள்? இது மூன்றாவது கடை. பின்கட்டில் மரப்பலகைத் துறை, அலையே இல்லாமல் தேங்கிய தண்ணீர், அதில் ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் இரண்டு கயாக்குகள், ஒன்று கட்டில் மாதிரி அகலமாகத் தட்டையாக, மற்றது ஒடுங்கி, அடிவயிறு உருண்டு. என் வீட்டுக்காரர் அகலமானதில் ஏறினார், எழுந்தே நின்றார், இரண்டு கையையும் விரித்து என்னைப் பார்த்து இளித்தார். "பாத்தியா, நம்ம ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கு." எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது... இதையே எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம், இந்த அலைச்சல் போதும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் விடவில்லை. "தேங்குன தண்ணியில எல்லாருக்கும் இதான் பிடிக்கும் மேடம். கடல்ல அலை சாஞ்சா இதுவும் கூடவே சாயும். ஒரு அளவு வரைக்கும் அசையாது, அதத் தாண்டுச்சுன்னா சொல்லாம கொள்ளாம கவுத்துடும். அந்த உருண்டது ஆடிக்கிட்டே இருக்கும், ஆனா லேசுல கவுந்துடாது." இதென்ன கூத்து, ஆடாதது கவிழுமாம், ஆடுவது கவிழாதாம்... ஆனால் அன்றைக்கு மீன் பிடிக்க இவர் கொண்டுபோனதும் தட்டையானதுதானே, இதேபோல் ஒரு கடையின் பின்னால் நின்று பார்த்து, துளிகூட ஆடவில்லை என்று இரண்டு பேருமாகப் பூரித்துப்போய் வாங்கியதுதானே. மீன்பிடிப் படகுக்காரர்கள் இவரைத் தூக்கிவந்து கரையில் போட்டபோது உதடெல்லாம் நீலம், அப்போதும் கொஞ்சம் நனைந்துவிட்டேன் என்றார், என்னவோ மழையில் மாட்டியவர் மாதிரி. அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மறுவாரமே நண்பர்களிடம், புதுக் கயாக் வந்ததும் போகிறேன் என்றார், அவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், ஆள் என்றால் இவன்தான் ஆள் என்றார்கள். நான்தான் ராத்திரியெல்லாம் கொட்டக்கொட்ட விழித்துக்கிடக்கிறேன், இவர் நிம்மதியாகத் தூங்குகிறார்... தூங்குகிறாரா? ஷவரைத் திறப்பதையே விட்டுவிட்டாரே, வாளியில் மொண்டு கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொள்கிறாரே, கேட்டால் சளி என்கிறார், ஒரு மாதமாகவா ஒருவருக்குச் சளி பிடித்திருக்கும்?

இப்போது உருண்டதில் ஏறிவிட்டார். ஏறிய வேகத்தில் அது இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, என் கை தானாகத் துறையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "இடுப்பத் தளர விடுங்க சார், அது பாட்டுக்கு ஆடட்டும், நீங்க விறைச்சீங்கன்னாதான் கவுந்துடும்" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வீட்ல அவதான் பயப்படுறா." துடுப்பு மடியில் சும்மா கிடந்தது, பத்து விரலும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன, கணுக்கள் வெளுத்து... கரையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம், இடுப்பளவுகூட ஆழமில்லாத தண்ணீர். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முதல் கடையில் சொன்னார். அவள் வேண்டாம் என்கிறாள் என்று இரண்டாவது கடையில் சொன்னார். நான் எங்கே சொன்னேன்? முதல் கடையில் தூண்டில்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாவதில் வாயே திறக்கவில்லை. கடவுளே, இந்த மனிதர் என்னைக் கயாக் பார்க்கவா கூட்டிக்கொண்டு அலைகிறார்?

"நீ என்ன சொல்ற?" என்றார் தண்ணீரிலிருந்தே. "நீ வேணாம்னா விட்டுடலாம்." குரல் விளையாட்டாகத்தான் இருந்தது, கண் அப்படி இல்லை, கெஞ்சியது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூண்டிலெல்லாம் பரணுக்குப் போய்விடும், பெண்டாட்டி தடுத்துவிட்டாள், பாவம் என்று நண்பர்கள் உச்சுக்கொட்டுவார்கள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இவர் என்னைக் கைகாட்டிப் பெருமூச்சு விடுவார். விடட்டுமே, அந்தப் பழி எனக்கு ஒரு பாரமா, ஆள் உயிரோடு வீட்டில் இருந்தால் போதாதா? போதும்தான்... ஆனால் அந்த வாளித் தண்ணீர்? அது பாட்டுக்கு நடக்குமா, நானும் சளி என்று நம்புவதாக நடித்துக்கொண்டே காலத்தை ஓட்டுவேனா? கயாக் ஆடிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எனக்குப் பயமாத்தாங்க இருக்கு" என்றேன். "உங்களுக்கு?"

கேட்டபிறகுதான் உறைத்தது, இந்த ஒரு மாதத்தில் அவரிடம் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை, நானும்தான்.