பெரியவள் தோளில் உட்கார்ந்த சொல்

கண்ணாடிக் கடைக்காரர் தன் பெரிய மகளை, அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, நாலு பேர் முன்னால் வைத்து 'மண்டு' என்று திட்டினார். அந்தச் சொல் நேராகப் போய் அவளுடைய இடது தோளில் உட்கார்ந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேல் கனத்தது. மறுநாள் அவளைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். முந்தின வாரத்தைவிட இரண்டே கால் கிலோ கூடுதலாகக் காட்டியது. மளிகைக்காரர், சில வீடுகளில் இதைவிடப் பெரிய சொல்லெல்லாம் மூட்டைக் கணக்கில் கிடக்கிறது, இது பரவாயில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்ட பருப்பைக் கட்டிக் கொடுத்தார்.

அந்தத் தெருவில் சொற்களுக்கு எடை உண்டு என்பது யாருக்கும் புதிய செய்தி இல்லை. புழங்கப் புழங்க எடை மாறும் என்பதும் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் யாராவது 'பயங்கரம்' என்று சொன்னால் கூரையில் நாலு ஓடு நொறுங்கும். அப்புறம் டீக்கடையில் ஒருவர் "டீ பயங்கரமா இருக்கு, இன்னொண்ணு போடு" என்று சொல்லப்போக, மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தே வருஷத்தில் 'பயங்கரம்' இளைத்துப்போய், பிள்ளைகள் அதை பலூன் மாதிரி தட்டி விளையாட ஆரம்பித்தார்கள். 'அநியாயம்' என்று கேட்டால் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்த ஜனங்கள், "அநியாயத்துக்கு நல்லவர்" என்று ஒருவரைச் சொல்லப் பழகிய பிறகு ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. யாரும் கூட்டம் போட்டு இதையெல்லாம் முடிவு செய்யவில்லை. வாய் போகிற போக்கில் நடந்தது.

மண்டு விஷயத்துக்கு வருவோம். கண்ணாடிக் கடையில் அளவு நாடாவின் முனை எப்போதும் தேய்ந்து பிய்ந்திருக்கும். அதனால் அந்தத் தொழிலில் யாரும் பூஜ்யத்திலிருந்து அளப்பதில்லை. பத்து என்ற கோட்டைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்து அளந்து, கடைசியில் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். பெரியவள் பள்ளி விடுமுறையில் அப்பாவோடு ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போயிருந்தாள். சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி வேண்டும். அவள் அளந்து சொன்னாள், அப்பா வெட்டினார். கொண்டுபோய் மாட்டினால் பத்து சென்டிமீட்டர் குறைந்தது. கடை நிறைய ஆட்கள், பாதி முகம் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்காரர் சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனிதர். அன்று மானம் போன வேகத்தில், "ஒழுங்கா அளக்கக் கூடத் தெரியாத மண்டு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளை கழித்துத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்காமல் இன்னொரு தடவை கழித்துவிட்டார்.

அவர் உடனே எழுந்து போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 'மன்னிச்சிடு' என்ற சொல்லை அந்த ஊர் ஜனங்கள் பஸ்ஸில் காலை மிதித்ததற்கும் சில்லறை இல்லாததற்கும் சொல்லிச் சொல்லி வெங்காயச் சருகு மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அது அவளுடைய வலது தோளில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறியைப் போட்டதும் பறந்துவிட்டது. கண்ணாடிக்காரர் அன்றோடு பெரியவளிடம் பேசுவதை விட்டார். கோபத்தால் அல்ல, பயத்தால். தன் வாயிலிருந்து இன்னொரு சொல் விழுந்து அவளுக்கு எங்கே வலித்துவிடுமோ என்று பயந்தார். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கண்ணாடியில் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டுவார். சின்ன மகளோடு வாய் ஓயாமல் பேசுவார், சிரிப்பார். பெரியவளுக்கு டிக் டிக். ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாரம் இருக்க முடியாது. தோளில் இருந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள், அப்பா தன்னைக் கூப்பிடாததைத்தான் பொறுக்க முடியவில்லை. என்றைக்காவது ஒருநாள் வாய் திறந்து கூப்பிடுவார் என்று ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொண்டு கடை திறந்தாள்.

அவளுடைய அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. வீடு வீடாகப் போய், இனி இந்தத் தெருவில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, மிரட்டினாள். தெருவும் நல்ல மனசோடு ஒத்துக்கொண்டது. அங்கேதான் எல்லோரும் தப்பு செய்தார்கள். புழங்காத சொல், மூட்டை பிரிக்காமல் ஈரத்தில் கிடந்த சிமெண்ட் மாதிரி இறுகிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வருஷத்துக்கு வருஷம் அது கனத்தது. பெரியவளின் இடது தோள் சரிந்தது. தையல்காரர் அவளுக்கு மட்டும் இரண்டு தோளுக்கும் தனித்தனி அளவு எடுத்தார். பஸ் கண்டக்டர், சட்டப்படி லக்கேஜ் என்று சொல்லி அரை டிக்கெட் சேர்த்துக் கிழித்தார். தோள் சரிந்ததால் அவளுக்கு எந்தக் கோடும் சாய்வாகவே தெரிந்தது. தன் கண்ணை நம்ப முடியாததால், ஒரு கண்ணாடியை வெட்டுவதற்கு முன் மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளப்பாள். பத்தைக் கழித்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் கண்ணாடி வெட்டுகிற வைரமுனையை எடுப்பாள். சின்னவள் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு, கடையில் வெட்டுகிற வேலை முழுக்க அவள் கைக்கு வந்தது. பதினைந்து வருஷத்தில் அவள் வெட்டிய ஒரு கண்ணாடிகூடத் திரும்பி வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எதிர்ச் சாரியில் ஒரு தச்சர் பட்டறை போட்டார். வெகு தூரத்திலிருந்து வந்தவர். எந்த வேலை கொடுத்தாலும் "சாயங்காலம் வாங்க" என்பார். அவர் வந்த ஒரு வருஷத்துக்குள் அந்தத் தெருவில் 'சாயங்காலம்' என்றால் நாளை மறுநாள் என்று ஆகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முதல் நாள், அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி வெட்ட வந்தவர், பெரியவள் மூன்று தடவை அளப்பதை வாயில் ஆணியை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். அப்புறம் ஆணியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"தோள்ல என்னம்மா அது?"

தெருவில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போகிறவர்கள். பெரியவளுக்கு எத்தனையோ வருஷத்துச் சலிப்பு அன்றைக்கென்று பொங்கியது.

"மண்டு," என்றாள்.

தச்சருடைய ஊரில் அந்தச் சொல் கிடையாது. அங்கே முட்டாள்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. அவர் கண்ணால் கண்டது, ஒரு பெண் இம்மி பிசகாமல் வேலை செய்வதை. மேஸ்திரி மாதிரி இதுவும் ஒரு பதவி, தோளில் தூக்கிச் சுமக்கிற அளவுக்கு மரியாதையான பதவி என்று நினைத்துக்கொண்டார். அலமாரிக் கதவில் கண்ணாடி நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததும் அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு போன வீட்டிலெல்லாம், "ஜன்னலை நான் பாத்துக்கறேன், கண்ணாடிக்கு மண்டு வந்து அளக்கட்டும்" என்றார். கேட்டவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்ன விதத்தில் கேலி துளியும் இல்லை. விவரம் அம்மா காதுக்குப் போக, அவள் கையில் மாவோடு பட்டறைக்கு வந்து நின்றாள்.

"எம் பொண்ண அந்த வார்த்தை சொல்லக் கூடாதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தனியா எழுதிக் குடுக்கணுமா?"

தச்சர் நிஜமாகவே குழம்பிப்போனார். "என்னம்மா இது. மேஸ்திரிய மேஸ்திரின்னு சொன்னா வீட்ல சண்டைக்கு வருவாங்களா? உங்க பொண்ணு மாதிரி மண்டு எங்க ஊர்ல ஒருத்தர்கூட கிடையாது."

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவள் பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தாள். "விடும்மா. இவர் சொல்லும்போது கனக்கல."

அம்மா மாவுக் கையோடு அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பாறை மாதிரி கிடந்த சொல்லின் ஓரத்தில் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது, ஊறப்போட்ட வேர்க்கடலை அளவுக்கு. அவள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பெரியவளுக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகம் விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததை யார் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. தையல்காரர் தன் ஆட்களிடம், விலை உயர்ந்த துணி, மூன்று தடவை அளந்து மண்டுவாக வெட்டு என்றார். மருந்துக் கடை அம்மா மாத்திரையை எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "இருங்க, மண்டுவா எண்ணிட்டு வர்றேன்" என்றாள். பஸ் பின்னால் வரும்போது கண்டக்டர் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே "மண்டுவா வா, மண்டுவா வா" என்று கத்தினார். பள்ளி ஆசிரியை ஒரு பையனைப் பற்றி 'கணக்கில் மண்டு' என்று எழுதி அனுப்ப, அவன் அம்மா அதை அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்பட்டாள். எல்லாம் நேர்க்கோட்டில் போனது என்று சொல்லிவிட முடியாது. வயதான சிலர் பழைய அர்த்தத்திலேயே திட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் பெரியவள் தோள் சட்டென்று இறங்கும், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டை மறுபடி கிழிப்பார். திட்டுவதற்குச் சொல் இல்லாமல் ஜனங்களால் இருக்க முடியாது என்பதால், முட்டாள்களுக்கு வேறு ஏதோ பெயர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் இப்போது யார் தோளில் இருக்கிறதோ, அவர்கள் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டியதுதான். மண்டு மட்டும் மாதத்துக்கு மாதம் இளைத்தது. ஒருநாள் கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு டிக்கெட் மட்டும் கொடுத்தார். பெரியவள் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

கண்ணாடிக்காரருக்கு அப்போது கை நடுக்கம் வந்திருந்தது. கல்லாவில் உட்கார்ந்து பாலிஷ் போடுகிற துணியை மடித்து மடித்து வைப்பார். தெருவே சொல்கிற சொல்லை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் பழைய வழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொள்வார். அது நல்ல சொல்லாகிவிட்டது என்று அவர் காதுக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. பத்து சென்டிமீட்டர் குறைந்த அந்தக் கண்ணாடியை முடிதிருத்துபவர் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்; அது கடையின் பின்னறையில் சுவரில் சாய்ந்தே கிடந்தது, விற்கவும் மனசில்லை, உடைக்கவும் மனசில்லை. ஒரு மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் பின்னறையிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. பெரியவள் போனாள். அப்பா பென்சிலோடு அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் இருந்தவளைப் பார்த்துத்தான் பேச முடிந்தது அவரால்.

"நீ கழிச்சுத்தான் சொன்ன. நாந்தான் கேக்காம இன்னொரு தடவ கழிச்சேன்." பென்சில் முனையால் கண்ணாடியின் குறைந்த விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "அன்னைக்கு நான் மண்டுவா இருந்திருக்கணும்மா."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் பெரியவள் தன்னை அறியாமல் இடது காலை ஊன்றி, தோளை விறைத்துக்கொண்டாள், பாரம் வாங்குகிற பழக்கத்தில். பாரம் வரவில்லை. அவர் தன்னையல்லவா சொல்லிக்கொண்டார். கண்ணாடிக்குள் அப்பாவுடைய தோளை அவள் கவலையோடு பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் விழவில்லை. குறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் அகன்ற மாதிரிதான் இருந்தது.

"இப்ப என்னைக் கூப்பிடுங்கப்பா," என்றாள். "தட்டாம."

அவர் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியை விட்டுவிட்டுத் திரும்பி, நிஜமான மகளைப் பார்த்தார். சொல் வெளியே வருவதற்குள் அவர் உதடு இரண்டு மூன்று தடவை மடங்கியது.

"மண்டு," என்றார். "என் மண்டு."

இடது தோள் மேலே வந்தது. அவ்வளவுதான். சத்தம் கித்தம் எதுவும் இல்லை. சொல் அங்கேயேதான் இருந்தது, இறங்கிப் போகவில்லை. ஆனால் மளிகைக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தபோது, அவளுடைய எடையில் நின்ற முள் சொல்லுக்கென்று ஒரு கோடுகூட நகரவில்லை. மளிகைக்காரரின் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான். பழைய கதையெல்லாம் அவனுக்குத் தெரியாது, எதற்கு வந்தீர்கள் என்றுதான் கேட்டான். அப்பாவும் மகளும் பருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தோள் நேரானதும் கோடுகளும் நேராகத் தெரிய ஆரம்பித்தன. இனி ஒரு தடவை அளந்தால் போதும் என்று தச்சர் சொல்லிப் பார்த்தார். பெரியவள் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒருவர் உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். அவள் மேலே அளந்தாள், நடுவில் அளந்தாள், கீழே அளந்தாள்.

"பத்து கழிச்சாச்சா, மண்டு?" என்று கல்லாவிலிருந்து அப்பா கேட்டார்.

"கழிச்சாச்சுப்பா," என்று சொல்லிவிட்டு வெட்டினாள்.