விற்காத ஆட்டம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் அவள் குரல் எழுந்தால் வாசலில் காவலாளி நிமிர்ந்து உட்காருவார். காசு கட்டாமலே எல்லா வீட்டிலும் தெரிகிற அந்தத் தொலைக்காட்சியில் விளையாட்டுப் பிரிவு அவள் பொறுப்பு.

ஆண்கள் கால்பந்து லீக்கின் ஒளிபரப்பு உரிமையை ஒரு கட்டணச் சேனல் கொத்திக்கொண்டு போனது. ஏலத்தில் அவர்கள் சொன்ன விலைக்குப் பக்கத்தில்கூட இவர்களால் போக முடியவில்லை. அந்த வாரமே பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. ஆட்டத்துக்காக வந்தவர்கள்தான் அப்படியே உட்கார்ந்து செய்தியையும் தொடரையும் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் மேலே இருப்பவர்களுக்கு உறைத்தது. உறைத்து என்ன? நிர்வாக இயக்குநர் விளையாட்டுப் பிரிவையே மூடிவிடலாம் என்றார்.

"சார், பெண்கள் லீக் யாரும் வாங்காமக் கெடக்கு. அத வாங்கிக் குடுங்க."

"அத யாரும்மா பாப்பாங்க?"

"காட்டினாத்தானே சார் பாப்பாங்க?"

சல்லிசாகக் கிடைத்ததால் தலையாட்டினார். காமிரா மட்டும் மூன்றுக்கு மேல் கிடையாது என்றார்.

முதல் ஆட்டங்கள் காற்று வாங்கின. விசில் அசரவில்லை. சனிக்கிழமை மாலை என்றால் சனிக்கிழமை மாலைதான். எந்தத் தொடருக்காகவும் நேரத்தை மாற்ற விடவில்லை. "ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கும் புரியணும்," என்று வர்ணனையாளரைப் படுத்தியெடுத்தாள். வீராங்கனைகள் வேலை பார்க்கும் இடங்களுக்குப் போய்ப் படம்பிடித்து இடைவேளையில் போட்டாள். ஒரு கோல்கீப்பர் ரொட்டிக் கடையில் மாவு பிசைவதைப் பார்த்த பிறகு, அவள் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் மைதானமே "ரொட்டிக்காரி!" என்று கத்தியது.

விசிலின் நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"அண்ணி, வார்டுல ஒரே ரகளை! கால்ல கட்டுப் போட்ட பெரியவர் கோல் விழுந்ததும் எந்திரிச்சுட்டாரு. டீவிய அணைங்கன்னு சொன்னா என்மேலயே பாயறாங்க."

அரையிறுதி நெருங்கியபோது கட்டணச் சேனலுக்கு மூக்கில் வியர்த்தது. இயக்குநர் விசிலை வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார்.

"இறுதிப் போட்டிய மட்டும் கேக்கறாங்கம்மா. நாம போட்டதவிடப் பல மடங்கு. வித்துடலாம்."

"வேண்டாம் சார். இத்தன நாள் கூப்பிட்டு வெச்சுட்டு, பந்தி போடற நேரத்துல கதவ சாத்தினா மறுபடி வருவாங்களா? அந்தக் காசு ஒருதடவதான் வரும். நம்ம சேனலத் திருப்பற பழக்கம் போச்சுன்னா, எத்தன காசு கொட்டினாலும் திரும்பாது."

"விளம்பரம்?"

"நான் கொண்டு வரேன்."

"வரலேன்னா உன் பிரிவு இருக்காது, பாத்துக்க."

"சரி சார்."

சொல்லிவிட்டாளே தவிர, கையில் ஒரு விளம்பரதாரர்கூட இல்லை. ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

சோப்புக் கம்பெனி மேலாளர் பிடிகொடுக்கவில்லை. "பெண்கள் ஆட்டமா? பாக்கலாம், பாக்கலாம்," என்று நழுவினார். அரையிறுதி அன்று அவரை வற்புறுத்தி நாத்தனாரின் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். பார்வையாளர் கூடத்தில் டீவி முன்னால் நிற்க இடமில்லை. வந்தவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தூணில் சாய்ந்தபடி ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. பிறகு, "இறுதிப் போட்டில எங்களுக்கு எவ்வளவு நேரம் குடுப்பீங்க?" என்று கேட்டார்.

இறுதிப் போட்டியில் மழை. ஒரு காமிரா நனைந்து நின்றுபோனது. "இருக்கறத வெச்சு ஓட்டுங்கப்பா," என்றாள் விசில். ஆட்டம் பெனால்ட்டிவரை போய், ரொட்டிக்காரியின் அணி தோற்றது. அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "விலகாதீங்க. ஆனா மொகத்துக்கு ரொம்பக் கிட்டப் போகாதீங்க," என்று விசில் காமிராக்காரரிடம் சொன்னாள். தோழிகள் ஒவ்வொருவராக வந்து ரொட்டிக்காரியைத் தூக்கிவிட்டார்கள். அதுவரை யாரும் சேனலை மாற்றவில்லை. அடுத்து வந்த செய்திக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு உரிமைக்காகக் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போனபோது இயக்குநரும் கூட வந்தார். வரவேற்பறையில் கட்டணச் சேனல்காரர்கள் முன்பே வந்து காத்திருந்தார்கள். இயக்குநருக்கு முகம் வெளிறியது.

"விட்டுடாதேம்மா," என்று கிசுகிசுத்தார்.

"விடறதா இல்ல சார்."

செயலாளரின் கதவு திறந்தது. விசில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள்.