பதினொரு குப்பி மனோரஞ்சிதம்

கொழுந்தன் ஸலீம் நீட்டிய அத்தர் குப்பியை ஒருதரம் முகர்ந்ததுமே ஸைனப் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது பம்பாய்ச் சரக்கு. கடைக்குப் போய்த் தான் செய்த மனோரஞ்சித அத்தரைத் தேடி எடுத்து வரும்படி அவனை மறுபடி விரட்டினாள்.

கொல்லைப்புறத்தில் இறந்துபோன அவள் கணவர் அலவியின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உடலைச் சுற்றும் கஃபன் துணியில் அத்தர் தடவ வேண்டும். பதுளைக் கடைவீதியில் அத்தர் விற்றே தலை நரைத்த மனிதர், பெண்டாட்டி செய்த வாசத்தோடுதான் போக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

வேலியில் ஏறிக் கிடக்கும் மனோரஞ்சிதக் கொடியில் பச்சைப் பூ மஞ்சளாகும் பதம் அவள் மூக்குக்குத்தான் தெரியும். பறித்துச் சந்தன எண்ணெயில் ஊறப்போட்டு, வருடத்துக்கு ஒரு பெரிய குப்பி கொடுப்பாள். அதே வாரத்தில் விற்றுப்போய்விட்டது என்பார் அலவி. கடைக்குப் பேர் வந்ததே தன்னால்தான் என்று அவளும் அக்கம்பக்கத்தில் அளந்துகொண்டிருந்தாள். ஒரு குப்பியின் அடியிலாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று நம்பினாள்.

ஸலீம் இந்தமுறை ஒரு பலகைப் பெட்டியோடு வந்தான். உள்ளே பதினொரு குப்பிகள். ஒவ்வொன்றிலும் அவள் ஒட்டிய வருடச் சீட்டு. எதிலும் மூடியின் அரக்கு உடையவில்லை.

"நானா ஒண்டும் விக்கல்ல மதினி," என்று அண்ணனைக் காட்டிக்கொடுத்தான் ஸலீம், தரையைப் பார்த்தபடி. "வாற ஆக்களெல்லாம் பலாப்பழம் மணக்குதுண்டு வச்சிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கிட்ட சொல்லக் கூடாதுண்டாரு."

ஸைனபுக்கு முகம் சுட்டது. பதினொரு வருடம் ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்க்காக வருடா வருடம் சந்தன எண்ணெயும் தேடிக் கொண்டுவந்திருக்கிறார். கோபப்பட வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. நன்றாக அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆகப் பழைய குப்பியைத் திறக்கச் சொன்னாள்.

வாசனை அறையை நிறைத்தது. சந்தனத்தில் கிடந்து பூ கனிந்திருந்தது; பலாப்பழ நெடி போயிருந்தது.

கணவனை இழந்தவள் காக்கும் இத்தா தொடங்கிவிட்டது, நீ வாசத்தைத் தொடாதே என்று பக்கத்து வீட்டு ஜெனீரா கையைப் பிடித்தாள்.

"நான் தொடல்ல. பதினொண்டையும் உடைச்சு ஊத்துங்க தம்பி," என்றாள் ஸைனப்.

அஸர் தொழுகைக்கு முன் மையித்தை ஏந்திய சந்தூக்கு படியிறங்கியது. ஸைனப் திரைக்குப் பின்னால் நின்றாள். தெருவில் தோள்கொடுக்க வந்த மொனராகலைக்காரர் ஒருவர் நின்று மூச்சை இழுத்தார்.

"இது எந்தக் கடையில வாங்கின அத்தர்?"

"வாங்கினதில்ல," என்றான் ஸலீம். "எங்கட மதினி செஞ்சது."

ஸைனப் திரையை இன்னும் ஒரு விரற்கடை விலக்கினாள்.