குத்தூசிக்காரர் வீட்டுக் கல்யாணம்

என் வீட்டுக்காரருக்கு நல்லது நடந்தால் காய்ச்சல் வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொச்சங்காடியில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வந்த அன்று தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. அவர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். "இம்புட்டுத் தண்ணி நமக்கு எதுக்குட்டி வருது?" என்று முனகினார். குழாய் போட்டவனிடம் கேட்கவேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல?

முதலாளி தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தால், வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்பார். பக்கத்து வீட்டுக்காரி மீன்குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிரிப்புக்கூட அவருக்கு முழுசாக வராது. பாதியிலேயே நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். யாரோ வந்து நின்று, 'சிரித்தது போதும், எடு கணக்கை' என்று கேட்கப்போகிற மாதிரி ஒரு பார்வை. கல்யாணமான புதிதில் நானும் கூடவே திரும்பி வாசலைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அங்கே யாரும் நின்றதில்லை.

அவர் செய்த வேலையும் அதற்கு ஏற்ற வேலைதான். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மூட்டை குத்திப் பார்க்கிறவர். உள்ளே குழிவாக இருக்கும் இரும்புக் குத்தூசியைச் சாக்கில் செருகி இழுத்தால் அதன் வழியாகக் கொஞ்சம் மிளகு உள்ளங்கையில் வந்து விழும். அதில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சாக்கின் நடுவில் குத்துவார்கள். இவர் குனிந்து அடிமூலையில்தான் குத்துவார். "மேல கிடக்கது நமக்குக் காட்டுறதுக்கு. அடியில கிடக்கதுதான் அவன் விக்கது" என்பார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனுஷன். அந்தக் குத்தூசியைக் கிட்டங்கியில் வைத்துவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இடுப்பில் செருகி வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் எங்கள் ஒரே மகள் வீரலட்சுமிக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அழகர். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அப்பா சுப்புராஜுக்குப் போடியில் கொஞ்சம் வயல். அம்மா பேச்சி என் மகளைப் பார்த்ததுமே கன்னத்தைத் தடவி, "எங்களுக்குப் பொண்ணு போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றாள். வீரலட்சுமி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று முகம் சிவந்து போனாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்துவிட்டது. அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சல் விட்டதும் விசாரணை ஆரம்பமானது. அழகர் போகிற படகில் இவரும் ஏறிப் பின்னால் உட்காருவார். அவன் சாப்பிடும் ஓட்டலில் இவரும் போய்ச் சாப்பிடுவார். முடிவெட்டுகிறவனிடம் விசாரித்தார், தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் விசாரித்தார், சலவைக்காரனிடம்கூட விசாரித்தார். போன இடமெல்லாம் பையன் தங்கம் என்றே சொன்னார்கள். ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் இவர் ஒரு சுற்று இளைத்துக்கொண்டே வந்தார்.

"எல்லாவனும் நல்லவன்னே சொல்லுதான். அது எப்படிட்டி? ஒருத்தன்கூடவா ஒரு குறை சொல்ல மாட்டான்? எல்லாரும் சேர்ந்து நம்மகிட்ட எதையோ மறைக்கானுவ."

"அவன் நல்லவனா இருந்துட்டா உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டேன்.

வாசலைப் பார்த்தார்.

கடைசியில் படகுத்துறையில் சாயாக்கடை வைத்திருந்த சேட்டனைப் பிடித்து, "சின்னதா ஏதாவது சொல்லும்வே" என்று கெஞ்சியிருக்கிறார். அந்த மனுஷன் பாவம், இவர் நச்சரிப்புத் தாங்காமல், "இடைக்கு ஒரு பீடி வலிக்கும் சேட்டா, வேற ஒரு குழப்பமும் இல்ல" என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டார். அன்று என் வீட்டுக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். "பீடி குடிக்கான்ட்டி! நம்ம பையனும் மனுஷப்பயதான்!" என்று சொல்லி, கப்பக்கிழங்கும் மீனும் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நிச்சயத்துக்கு நாள் குறித்தோம்.

நிச்சயத்தன்று போடியிலிருந்து ஒரு மூட்டை புது அரிசி வந்து இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கூடத்தின் நடுவில் கோலத்தின் மேல் நிறுத்தினார்கள். தங்கள் வயல் அரிசியைப் பெண்ணுக்குக் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். கல்யாணத்துக்குப் பிறகு மூட்டை பெண்ணோடு புதுக்குடித்தனத்துக்குப் போகுமாம். நல்ல வழக்கம்தானே என்று நான் தாம்பாளத்தை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது கூடம் சத்தமில்லாமல் இருந்தது.

பட்டு வேட்டியோடு என் வீட்டுக்காரர் மூட்டைக்கு முன்னால் குனிந்திருந்தார். குத்தூசி அடிமூலையில் ஏறியிருந்தது. அவர் யோசித்துச் செய்திருக்க மாட்டார். மூட்டையைக் கண்டால் அவர் கை அப்படித்தான் போகும். ஆனால் அதைச் சபையில் யாரிடம் விளக்கிச் சொல்ல? ஊசி உள்ளே போய் எதிலோ 'டக்'கென்று இடித்தது. அவர் முகம் மாறியது. இன்னொரு தடவை குத்தினார். மறுபடியும் 'டக்'.

"அடியில கனம் வெச்சிருக்கு" என்றார்.

இனாமாகக் கொடுக்கிற அரிசியில் எவனாவது கல்லைப் போட்டு எடையைக் கூட்டுவானா? அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. நான் "இந்தா பாருங்க..." என்று வாயெடுப்பதற்குள் ஊசி முனையால் சாக்கின் மூலையைக் கிழித்துவிட்டார். அரிசி கோலத்தின் மேல் கொட்டியது. கொட்டிய அரிசியோடு மஞ்சள் துணி சுற்றிய ஒரு பித்தளைச் செப்பு வந்து விழுந்தது. துணி அவிழ்ந்து மூடி திறந்துகொண்டது. உள்ளே இருந்த இரண்டு தங்க வளையல்களில் ஒன்று உருண்டுபோய்ப் பேச்சியின் காலடியில் படுத்தது.

பேச்சி அதை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "என் மாமியா எனக்கு வெச்ச வளவி அது. மூட்டை அரிசி தீர்ற வரைக்கும் வந்தவ புதுப்பொண்ணு. பொங்கிப் பொங்கித் தீர்ந்து, அடியில அவ கை படுறப்ப இது கிடைக்கணும். அவளாப் பாத்து எடுத்துப் போட்டுக்கணும். அன்னையிலிருந்து அவ எங்க வீட்டுப் பொண்ணு. இப்படியா சபையில தோண்டி எடுக்கிறது?"

சுப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எங்க அரிசியையே நம்பாத வீட்டுல எங்களுக்கு என்ன வேலை?" என்றார். சபையில் யாரோ அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். என் மகள் ஆசைப்பட்ட ஒரே வாழ்க்கையை இந்த மனுஷன் ஊசியால் குத்திக் கிழித்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். அவரோ கையில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்ல அரிசி. ஒரு குருணை இல்லை.

அப்போது வீரலட்சுமி கூடத்துக்கு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து வளையலை எடுத்துச் செப்பில் போட்டு மூடி, துணியைச் சுற்றினாள். செப்பைச் சாக்கின் அடியிலேயே வைத்தாள். அரிசியை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே போட்டாள். பிறகு கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்து கிழிந்த மூலையைத் தைத்தாள். குத்தூசிக்காரர் மகளுக்குச் சாக்குத் தைக்கத் தெரியாதா? தைத்து முடித்து எழுந்து, "அத்தை, நான் எதையும் பாக்கல" என்றாள்.

பேச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் தோளில் இருந்த துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டில் எல்லோரோடும் நன்றாகப் பேசினார். "நடக்க வேண்டிய கெட்டது நிச்சயத்துலேயே நடந்து முடிஞ்சிட்டுல்லா" என்று என் காதில் சொன்னார். அவருக்கு அது ஒரு நிம்மதி. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீரலட்சுமி தீவில் துறைமுகக் குடியிருப்புக்குப் போனாள், மூட்டையோடு. நான் அக்கரையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் அழகர் தனியாக வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் கிட்டங்கிக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, போன வாரம் அம்மா வந்திருந்தாங்க. அவ கையைப் பாத்தாங்க. வளவி இல்லை. ஒண்ணும் கேக்கலை. ஊருக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல வெச்சு, 'அவளுக்கு நம்ம வீட்டுப் பொண்ணா ஆக இஷ்டமில்லையாடா'ன்னு அழுதாங்க."

"அரிசி இன்னுமா தீரலை?"

"கடையில அரிசி வாங்கிப் பொங்குறா, அத்தை. மூட்டையில பாதிக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குறா. கேட்டா, இருக்கட்டும்னு சொல்றா. என் மேல ஏதும் சந்தேகமான்னு எனக்கே பயமா இருக்கு."

அவனை வேலைக்கு அனுப்பிவிட்டு அடுத்த படகில் தீவுக்குப் போனேன். வீரலட்சுமி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. நான்காவது மாதம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. வீடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். சமையலறை மூலையில் மூட்டை நின்றது. வாய் சணலால் இறுகக் கட்டியிருந்தது.

"உனக்கு இங்க என்னட்டி குறை?"

"ஒண்ணும் இல்லம்மா. அவுக சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசினதில்லை. அத்தை தங்கம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதாம்மா பயமா இருக்கு." குரல் தாழ்ந்தது. "நல்லது ஒண்ணு பாக்கி இருக்கிற வரைக்கும் கெட்டது வராதுன்னு தோணுது. அதையும் எடுத்துட்டா, அப்புறம் வர்றதுக்கு வேற என்ன இருக்கு?"

முகம் என் சாயல்தான். பேசியது அவர். நான் பெற்ற பிள்ளையின் இடுப்பில் அந்தக் குத்தூசியை எப்போது செருகிவிட்டார் என்றே தெரியவில்லை.

நேராகப் போய் மூட்டையை அவிழ்த்தேன். கையை விட்டேன். அரிசி கட்டிகட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தபோது விரலெல்லாம் கறுப்பு வண்டு ஊர்ந்தது.

வீரலட்சுமி பின்னுக்குப் போனாள். "பாத்தியாம்மா! அப்பா சொன்னது சரிதான். அடியில..."

"வாயை மூடுட்டி!" கத்திவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்க்கவில்லை. "அன்னைக்கு உங்கப்பன் கையில இருந்த அரிசியை நானும்தான் பாத்தேன், நீயும்தான் அள்ளினே. அதுல ஒரு வண்டு இருந்துச்சா? அவுக வண்டையா கட்டிக் கொடுத்தாக? பொங்கித் தின்னச் சொல்லித் தந்ததை நீ பூட்டி வெச்சே. பூட்டி வெச்சா வண்டு வராம வேற என்ன வரும்?"

அவள் அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை. சாக்கைத் தூக்கி முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்தேன். அரிசி குவிந்தது, வண்டுகள் நாலு பக்கமும் ஓடின. கடைசியில் செப்பு வந்து விழுந்தது. மஞ்சள் துணியில் கறை ஏறியிருந்தது.

"நான் எடுக்க மாட்டேன். நீயே எடு" என்றேன்.

அவள் செப்பின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்துச் செப்பைத் திறந்தாள். இரண்டு வளையல்களும் அன்று பார்த்த மாதிரியே இருந்தன. ஒன்றைப் போட்டாள், மற்றதையும் போட்டாள். கையைத் தூக்கிக் குலுக்கினாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது. கண்ணீரோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று என் மகள் சிரித்துப் பார்த்து!

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் மெல்லத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள்.

நான் எட்டி அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன். வண்டு ஊர்ந்த கையோடுதான்.

"அங்க ஒருத்தரும் வரலட்டி. முப்பது வருஷமா நான் பாத்துட்டேன், ஒருத்தரும் வரல. நீ வளவியைப் பாரு."